சளியில் கிருமி உண்டு, டிபி இல்லை: வாசகர் கேள்விகளுக்கு மருத்துவர்களின் பதில்

காசநோய்க் கிருமிக்கு ஒரு பெரிய குடும்பம் இருக்கிறது. அதில் டிபியையும் தொழுநோயையும் உண்டாக்கும் சில கிருமிகளை விட்டுவிட்டால், மண்ணிலும் தண்ணீரிலும் வாழ்கிற மற்ற வகைகள் 190க்கும் மேல். இவற்றை மொத்தமாக என்.டி.எம். என்கிறோம், அதாவது காசநோய் அல்லாத மைக்கோபாக்டீரியா. பெரும்பாலானவை நம்மை ஒன்றும் செய்வதில்லை. சில மட்டும், ஏற்கெனவே பழுதுபட்ட நுரையீரலில் குடியேறி நோயாக மாறும். இதைப் பற்றிக் குமரி மாவட்டத்திலிருந்து வந்த கேள்விகளுக்கு ஒரு நெஞ்சகநோய் மருத்துவரும் ஒரு நுண்ணுயிரியல் மருத்துவரும் சேர்ந்து பதில் தருகிறார்கள்.

என் அம்மாவுக்கு 58 வயது, எடை 42 கிலோ. ஆறு மாதமாக இருமல், சாயங்காலமானால் அசதி. சளியைக் கண்ணாடியில் தடவிப் பார்த்ததில் ‘ஏ.எஃப்.பி. 2+’ என்று வந்தது. சிபிநாட் எடுத்தால் ‘எம்.டி.பி. இல்லை’ என்று வருகிறது. ஒரு டாக்டர் டிபி மருந்தை இன்றே தொடங்கச் சொல்கிறார், இன்னொருவர் பொறுக்கச் சொல்கிறார். எந்த ரிப்போர்ட்டை நம்புவது?
– நாகர்கோவில் வாசகி

இரண்டு ரிப்போர்ட்டுமே சரியாக இருக்கலாம். இரண்டையும் சேர்த்து வாசித்தால்தான் விஷயம் புரியும்.

கண்ணாடிச் சில்லில் சளியைத் தடவிச் சாயம் ஏற்றி, அமிலத்தால் கழுவிப் பார்க்கும்போது, நிறம் போகாமல் நிற்கிற குச்சிக் கிருமிகளைத்தான் ‘ஏ.எஃப்.பி.’ என்று எழுதுகிறார்கள். டிபி கிருமியும் அப்படித்தான் நிற்கும், என்.டி.எம்.மும் அப்படித்தான் நிற்கும். மைக்ராஸ்கோப்பில் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. சிபிநாட்டும் ட்ரூநாட்டும் டிபி கிருமியின் (எம்.டி.பி.) மரபணுவை மட்டும் தேடும் கருவிகள். என்.டி.எம். எவ்வளவு இருந்தாலும் ‘எம்.டி.பி. இல்லை’ என்றுதான் சொல்லும்.

இனி எண்ணிக்கையைப் பாருங்கள். மைக்ராஸ்கோப்பில் கிருமி கண்ணுக்குப் பட வேண்டுமானால் ஒரு மில்லி சளியில் சுமார் 5,000 முதல் 10,000 வரை கிருமிகள் இருக்க வேண்டும். சிபிநாட்டுக்கு சுமார் 130 போதும். அம்மாவின் ரிப்போர்ட் 2+. அந்தக் கிருமிகள் டிபியாக இருந்திருந்தால் சிபிநாட் தவறவிட்டிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. சளியில் உள்ள ஏதாவது பொருள் சோதனையைத் தடுத்திருந்தால் கருவி பெரும்பாலும் ‘இன்வேலிட்’ என்று காட்டிவிடும். டப்பா மாறிப்போவதும் நடக்கக்கூடியதே. ஆகவே முதலில் செய்ய வேண்டியது, புதிதாக ஒரு சளி கொடுத்து, அந்த ஒரே சளியில் ஸ்மியரையும் (கண்ணாடிச் சில் சோதனை) சிபிநாட்டையும் திரும்பப் பார்ப்பது. மறுபடியும் இதே விடை வந்தால் என்.டி.எம். என்று பலமாகச் சந்தேகிக்க வேண்டும். அதே சளியைத் திரவ கல்ச்சருக்கு, அதாவது கிருமியை ஊட்டத் திரவத்தில் வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, அனுப்பச் சொல்லுங்கள். படிவத்தில் ‘என்.டி.எம். சந்தேகம், கிருமியின் இனத்தைக் கண்டறியவும்’ என்று மருத்துவர் கைப்பட எழுத வேண்டும். கூடவே நுரையீரலை நுணுக்கமாகக் காட்டும் எச்.ஆர்.சி.டி. ஸ்கேன், ரத்தச் சர்க்கரை, எச்.ஐ.வி. பரிசோதனை மூன்றும் வேண்டும்.

மருந்தை உடனே தொடங்கலாமா? மூச்சுத் திணறல், ஆக்சிஜன் குறைவு, எச்.ஐ.வி. என்று ஏதாவது இருந்தால் மருத்துவர் காத்திருக்க மாட்டார், காத்திருக்கவும் கூடாது. அப்படி இல்லை என்றால் கல்ச்சர் வரும் வரை சில வாரம் பொறுப்பதால் பெரிய கேடு வராது. என்.டி.எம். மெதுவாக நகரும் நோய். அவசரப்பட்டுத் தொடங்குவதில்தான் சிக்கல். அரசு தரும் நான்கு மருந்துக் கூட்டு மாத்திரை ஒன்றில் ரிஃபாம்பிசின் 150, ஐசோநயாசிட் 75, பைரசினமைடு 400, எதாம்பியூட்டால் 275 மில்லிகிராம் இருக்கிறது. என்.டி.எம்.மில் பைரசினமைடால் பயனில்லை. ஆனால் ரிஃபாம்பிசினும் எதாம்பியூட்டாலும் சில வகைகளை ஓரளவு அடக்கும். நோயாளிக்கு இரண்டு மாதம் இருமல் குறையும், எடை ஏறும், வீட்டாருக்கு நம்பிக்கை வரும். ஐந்தாம் மாதம் ஸ்மியர் மறுபடியும் பாசிட்டிவ் ஆகும். அப்போது ‘மருந்துக்குக் கட்டுப்படாத டிபி’ என்ற முத்திரை விழும். இந்தத் தவறு நம் நாட்டில் திரும்பத் திரும்ப நடக்கிறது. முதல் நாளே கல்ச்சர் அனுப்பியிருந்தால் தவிர்த்திருக்கலாம்.

டிபி இல்லை என்று உறுதியாகும் வரை அம்மா மாஸ்க் போடட்டும். அறையில் ஜன்னல் திறந்திருக்கட்டும்.

சளி கொடுத்தால் ‘எச்சில்தான் இருக்கிறது’ என்று திருப்பி அனுப்புகிறார்கள். இன்னொரு முறை ‘கன்டாமினேஷன்’ என்று ரிப்போர்ட் வந்தது. எப்படிக் கொடுப்பது?
– தக்கலை வாசகர்

என்.டி.எம். கண்டறிவதில் பாதி வெற்றி இந்தச் சளி டப்பாவில் இருக்கிறது. அதனால் விரிவாகவே சொல்கிறோம்.

குறைந்தது மூன்று சளி வேண்டும். மூன்றையும் ஒரே நாளில் கொடுத்துவிடாமல், முதலாவதற்கும் கடைசிக்கும் இடையில் ஒரு வாரமாவது இருக்கும்படி வெவ்வேறு நாட்களில் கொடுக்க வேண்டும். காலையில் எழுந்ததும், காப்பி குடிக்கும் முன்பு. வாயைக் கொப்பளிக்கக் குழாய்த் தண்ணீரோ கிணற்றுத் தண்ணீரோ வேண்டாம். அவற்றிலேயே என்.டி.எம். இருக்கும், அது டப்பாவுக்குள் போய் இல்லாத நோயைக் காட்டும். முந்தின இரவே கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீரில் கொப்பளித்துத் துப்புங்கள்.

பிறகு வீட்டுக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் உட்கார்ந்து, ஆழமாக மூச்சை இழுத்து ஐந்து நொடி நிறுத்தி விடுங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தபின் அடிவயிற்றிலிருந்து இருமுங்கள். தொண்டையைக் காறினால் எச்சில்தான் வரும். கெட்டியான சளி 3 முதல் 5 மில்லி வேண்டும். ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய, மூடி திருகும் டப்பாவிலேயே எடுங்கள். வீட்டில் கழுவிய பாட்டில் ஆகாது. அன்றே கொண்டுபோக முடியாவிட்டால் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள், ஃப்ரீசரில் வைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும். வெளியூர் ஆய்வகத்துக்கு என்றால் ஐஸ் ஜெல் வைத்த பெட்டியில்தான் அனுப்ப வேண்டும். நம் ஊர் வெக்கையில் சாதாரணப் பார்சலில் ஒரு நாள் கிடந்தால் வாயில் உள்ள மற்ற கிருமிகள் பெருகி மைக்கோபாக்டீரியாவை மூடிவிடும். ‘கன்டாமினேஷன்’ ரிப்போர்ட்டுக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அசித்ரோமைசின், லீவோஃப்ளாக்சசின் போன்றவற்றைச் சமீபத்தில் சாப்பிட்டிருந்தால் சொல்லிவிடுங்கள். உடல்நிலை இடம்கொடுத்தால் இரண்டு வாரம் விட்டு எடுப்பது நல்லது. சளியே வராதவர்களுக்கு ஆஸ்பத்திரியில் 3 சதவீத உப்புநீரை நெபுலைசரில் கொடுத்து வரவழைப்பார்கள். வீசிங் உள்ளவர்களுக்கு அதற்குமுன் சால்பியூட்டமால் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் நெஞ்சு இறுகிவிடும். அதற்கும் வராவிட்டால் பிராங்கோஸ்கோப்பி செய்து, அதாவது மூச்சுக்குழாய்க்குள் குழாய்க் கருவியை விட்டு, கழுவி எடுப்பார்கள். அந்தக் கருவியைக் குழாய்த் தண்ணீரில் அலசுகிற இடங்களில் பொய்யான என்.டி.எம். வந்த வரலாறு உலகம் முழுக்க உண்டு. கிருமி நீக்கிய நீரில் அலசுகிறார்களா என்று கேட்பதில் தவறில்லை.

ஆய்வகத்தில் திரவ கல்ச்சரை 42 நாள் வரை வைத்துப் பார்ப்பார்கள், திட கல்ச்சரை 8 வாரம். கிருமி வளர்ந்ததும் எம்.பி.டி.64 என்ற பட்டைச் சோதனை செய்வார்கள். அதில் கோடு விழுந்தால் டிபி, விழாவிட்டால் பெரும்பாலும் என்.டி.எம். பல இடங்களில் வேலை அதோடு நின்றுவிடுகிறது. ‘என்.டி.எம். வளர்ந்துள்ளது’ என்ற ஒரு வரியை வைத்துக்கொண்டு யாரும் மருந்து எழுத முடியாது. எந்த இனம் என்று தெரிய வேண்டும். எல்.பி.ஏ. (மரபணுப் பட்டைச் சோதனை), மால்டி-டாஃப் (கிருமியின் புரதங்களை வைத்து இனம் காண்பது), மரபணு வரிசைப்படுத்தல் என மூன்று வழிகள் உண்டு. அந்த வசதி இல்லாத ஆய்வகத்தில் வளர்ந்த கல்ச்சர் குழாயைத் தூக்கிப் போட்டுவிடாமல் வைத்திருக்கச் சொல்லி, உங்கள் மருத்துவர் மூலம் பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பச் செய்யுங்கள். ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நெஞ்சகநோய்ப் பிரிவில் இதைப் பற்றிக் கேட்கலாம். சென்னை சேத்துப்பட்டில் ஐ.சி.எம்.ஆரின் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது.

எனக்கு ஒரே ஒரு கல்ச்சரில் ‘மைக்கோபாக்டீரியம் ஃபார்ச்சூட்டம்’ வந்திருக்கிறது. ஸ்கேனில் பெரிதாக ஒன்றுமில்லை. மருந்து வேண்டுமா?
– மார்த்தாண்டம் வாசகர்

இப்போதைக்கு வேண்டாம். தண்ணீரில் இருக்கும் கிருமி சளியில் ஒருமுறை தட்டுப்படுவது நோய் ஆகாது. இருமல், எடை குறைதல், காய்ச்சல் போன்ற தொந்தரவு இருக்க வேண்டும். ஸ்கேனில் குழி விழுந்திருப்பதோ, மூச்சுக்குழாய் விரிவும் சிறு சிறு முடிச்சுகளும் சேர்ந்திருப்பதோ தெரிய வேண்டும். வேறு காரணம் இல்லை என்று உறுதியாக வேண்டும். இவற்றோடு, வெவ்வேறு நாளில் எடுத்த குறைந்தது இரண்டு சளியில் ஒரே இனம் வளர வேண்டும். பிராங்கோஸ்கோப்பியில் கழுவி எடுத்ததென்றால் ஒன்று போதும். திசுப் பரிசோதனைக்கு வேறு கணக்கு உண்டு. 2020இல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல் இதைத்தான் சொல்கிறது.

இனத்தின் பெயருக்கேற்ப ரிப்போர்ட்டின் முக்கியத்துவம் மாறும். ‘கார்டோனே’ வந்தால் ஏறக்குறைய எப்போதும் தண்ணீரிலிருந்து வந்த கலப்படம். ‘கன்சாசி’ ஒருமுறை வந்தாலே கவனமாகப் பார்க்க வேண்டும். உங்களுக்கு வந்த ஃபார்ச்சூட்டம் பெரும்பாலும் விருந்தாளியாக வந்து போவது. ஆனால் நெஞ்செரிச்சல், இரவில் புளித்த தண்ணீர் தொண்டைக்கு ஏறுதல், விழுங்கச் சிரமம் இருந்தால் சொல்லுங்கள். உணவுக்குழாய்க் கோளாறு உள்ளவர்களிடம் இந்தக் கிருமி உண்மையான நோயாக வருவதுண்டு. மூன்று மாதத்தில் இன்னும் இரண்டு சளி கொடுத்துப் பாருங்கள்.

என் மைனிக்கு 44 கிலோ எடை. ‘இன்ட்ராசெல்லுலாரே’ என்று பெயர் வந்து, அசித்ரோமைசின், எதாம்பியூட்டால், ரிஃபாம்பிசின் மூன்றையும் திங்கள், புதன், வெள்ளி மட்டும் சாப்பிடச் சொல்லியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டில் டிபி மருந்தை தினமும் சாப்பிட்டார்களே, இவருக்கு மட்டும் ஏன் இப்படி? தினமும் கொடுத்தால் சீக்கிரம் குணமாகுமா?
– குலசேகரம் வாசகி

தயவுசெய்து அப்படிச் செய்துவிடாதீர்கள். கண்ணுக்கு ஆபத்து.

இன்ட்ராசெல்லுலாரே, ஏவியம் ஆகியவை சேர்ந்த கூட்டத்தை ‘மேக்’ என்பார்கள். குழி விழாத, முடிச்சும் மூச்சுக்குழாய் விரிவும் உள்ள வகைக்கு வாரம் மூன்று நாள் மருந்து போதும். அசித்ரோமைசின் 500 மில்லிகிராம், ரிஃபாம்பிசின் 450 அல்லது 600, எதாம்பியூட்டால் கிலோவுக்கு 25 மில்லிகிராம். மைனிக்குக் கணக்குப் போட்டால் எதாம்பியூட்டால் 1,100 வருகிறது. கடையில் கிடைக்கும் மாத்திரைக்கேற்ப 1,000 அளவில் எழுதியிருப்பார்கள். குழி விழுந்தவர்களுக்கும் நோய் முற்றியவர்களுக்கும் தினசரி மருந்து. அப்போது எதாம்பியூட்டால் கிலோவுக்கு 15தான், அதாவது இதே எடைக்கு 660, நடைமுறையில் 600. அசித்ரோமைசின் 250 முதல் 500. முதல் இரண்டு மூன்று மாதம் அமிகாசின் ஊசியும் சேரும்.

வாரம் மூன்று நாளுக்கான பெரிய அளவைத் தினமும் விழுங்கினால் எதாம்பியூட்டால் பார்வை நரம்பைத் தாக்கும். சிறுநீரகம் பழுதுபட்டவர்களுக்கு இது இன்னும் வேகமாக நடக்கும், ஏனென்றால் அந்த மருந்து சிறுநீர் வழியாகத்தான் வெளியேறுகிறது. தொடங்கும் முன் கண் மருத்துவரிடம் பார்வையும் நிறப்பார்வையும் சோதிக்க வேண்டும். வீட்டில் மாதம் ஒருமுறை ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் செய்தித்தாளின் சிறிய எழுத்தை வாசிக்கட்டும். சிவப்பும் பச்சையும் மங்கினாலோ, நடுவில் புகைபோலத் தெரிந்தாலோ எதாம்பியூட்டாலை அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். அடுத்த செக்கப் வரை காத்திருக்கக் கூடாது.

மூன்று மாத்திரையையும் ஒரே வேளையில், காலையில் வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு எடுப்பது நல்லது. வயிறு ஒத்துக்கொள்ளாவிட்டால் மருத்துவரிடம் சொல்லி நேரத்தை மாற்றுங்கள், நீங்களாக ஒரு மாத்திரையை விட்டுவிடாதீர்கள். ஜெலுசில் மாதிரி ஆன்டாசிட் குடித்தால் எதாம்பியூட்டாலிலிருந்து நான்கு மணி நேரமாவது தள்ளி இருக்கட்டும். சிறுநீர் ஆரஞ்சு நிறமாவது ரிஃபாம்பிசினின் வழக்கம், பயப்பட வேண்டாம். ஆனால் கண் மஞ்சளானால், சாப்பாடு வெறுத்து வாந்தி வந்தால் உடனே கல்லீரல் பரிசோதனை வேண்டும். ரிஃபாம்பிசின் மற்ற மருந்துகளின் வேலையைக் குறைக்கும். கிளிமிபிரைடு சாப்பிடும் சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை ஏறும், வார்ஃபரினின் பலன் குறையும், கருத்தடை மாத்திரை பலிக்காமல் போகலாம். அசித்ரோமைசினுக்காக ஒரு ஈ.சி.ஜி. முன்கூட்டியே எடுக்க வேண்டும். காதில் இரைச்சலோ கேட்கும் திறன் குறைவோ வந்தால் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, கடைக்காரரும் வீட்டாரும் அறிய வேண்டியது. இருமலுக்கு என்று அசித்ரோமைசினை மட்டும் தனியாக வாரக்கணக்கில் கொடுத்தால் மேக் கிருமி அதற்கு எதிர்ப்புச் சக்தி பெற்றுவிடும். அதன்பின் இந்தச் சிகிச்சையின் முதுகெலும்பே போய்விடும். மூச்சுக்குழாய் விரிவு உள்ளவர்களுக்கு நெஞ்சுச்சளி அடிக்கடி வராமல் இருக்க நீண்ட காலம் அசித்ரோமைசின் எழுதுவதுண்டு. அதற்குமுன் சளியில் என்.டி.எம். இல்லை என்று பார்த்துவிட வேண்டும். இதே காரணத்தால் மேக் கல்ச்சரில் அசித்ரோமைசின் வகைக்கும் அமிகாசினுக்கும் கிருமி கட்டுப்படுகிறதா என்று சோதிப்பது அவசியம். ரிஃபாம்பிசினுக்கும் எதாம்பியூட்டாலுக்கும் மேக்கில் சோதனைச்சாலை முடிவு நோயாளியின் பலனோடு ஒத்துப்போவதில்லை, அதைப் பார்த்து மருந்தை மாற்ற வேண்டாம்.

எவ்வளவு காலம்? சளி மாதந்தோறும் அல்லது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கல்ச்சருக்குப் போக வேண்டும். குறைந்தது நான்கு வார இடைவெளியில் எடுத்த மூன்று கல்ச்சர் தொடர்ந்து நெகட்டிவ் ஆனால், அதில் முதல் சளி கொடுத்த நாளிலிருந்து 12 மாதம். மொத்தம் ஒன்றரை ஆண்டு வரை ஆகலாம். ‘இருமல் நின்றுவிட்டது’ என்பது மருந்தை நிறுத்தக் காரணம் ஆகாது.

பேரப்பிள்ளைகளை என்னிடம் விடாமல் மருமகள் தள்ளி வைக்கிறாள். என்.டி.எம். ஒட்டுமா?
– குளச்சல் வாசகர்

உங்கள் ரிப்போர்ட்டில் டிபி இல்லை என்று உறுதியாகிவிட்டால் தட்டு, டம்ளர், படுக்கை எதையும் பிரிக்க வேண்டாம். இந்தக் கிருமி வழக்கமாக மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுவதில்லை. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பிறவி நோய் உள்ளவர்களிடையே அப்செசஸ் என்ற இனம் பரவியதற்கு மட்டும் சான்று உண்டு. பிள்ளைகளைத் தாராளமாக மடியில் வைத்துக் கொஞ்சுங்கள்.

அப்பாவுக்கு ‘அப்செசஸ்’ என்று வந்திருக்கிறது. மாதக்கணக்கில் ஊசி போட வேண்டும் என்கிறார்கள். டிபி மாத்திரையில் சரியாகாதா?
– கருங்கல் வாசகி

சரியாகாது. ரிஃபாம்பிசின், ஐசோநயாசிட், எதாம்பியூட்டால் எதற்கும் இது மசியாது. இந்த வகையில் மூன்று துணை இனங்கள்: அப்செசஸ், மாசிலியன்சே, பொல்லெட்டி. எது என்பதில்தான் அப்பாவின் எதிர்காலம் இருக்கிறது. அப்செசஸிலும் பொல்லெட்டியிலும் பெரும்பாலும் எர்ம் 41 என்ற மரபணு வேலை செய்யும், அதனால் அசித்ரோமைசின் சில நாளில் செயலிழக்கும். மாசிலியன்சேயில் அது பழுதானது, அசித்ரோமைசின் பலிக்கும், குணமாகும் வாய்ப்பும் அதிகம். ஆய்வகம் கிளாரித்ரோமைசின் சோதனையை மூன்றாம் நாளில் பார்த்து ‘கட்டுப்படும்’ என்று எழுதிவிட்டால் ஏமாந்துபோவோம். 14 நாள் வரை வைத்துப் பார்த்த முடிவைக் கேளுங்கள்.

சிகிச்சையில் முதலில் அமிகாசின், ஐமிபெனெம், டைஜிசைக்ளின் போன்ற ஊசிகளில் இரண்டு மூன்று, கூடவே வாய்வழி மருந்து. பிறகு க்ளோஃபாசிமின், லினசோலிட், நெபுலைசரில் அமிகாசின் என்று தொடரும். அமிகாசினுக்கு முன்னும் இடையிலும் செவித்திறன் சோதனையும் கிரியாட்டினினும் (சிறுநீரகத்துக்கான ரத்தச் சோதனை) பார்க்க வேண்டும், போன கேட்கும் சக்தி திரும்பாது. லினசோலிடில் ரத்த அணுக்கள் குறையும், கால் மரத்துப்போகும். க்ளோஃபாசிமின் தோலைக் கருக்க வைக்கும், நிறுத்தினால் மெல்ல மாறும். எர்ம் 41 வேலை செய்யும் வகையில் கல்ச்சர் நெகட்டிவ் ஆவது பாதிப் பேருக்கும் குறைவு. நோய் ஒரே மடலில் இருந்தால் அறுவை சிகிச்சையைப் பற்றி அனுபவமுள்ள மையத்தில் கேளுங்கள். இதைச் சின்ன கிளினிக்கில் தொடங்கக் கூடாது.

எங்கள் வீட்டில் கிணறு, மேலே டேங்க், ஷவர், நிறைய பூச்செடிச் சட்டிகள். எதை மாற்ற வேண்டும்?
– குழித்துறை வாசகி

கிருமியை வீட்டிலிருந்து முழுதாக விரட்ட முடியாது. தண்ணீர்க் குழாயின் உள்சுவரில் பாசிபோல் ஒட்டிக்கொண்டு வாழும், குளோரினுக்கும் எளிதில் சாகாது. நுரையீரலுக்குள் தண்ணீர்ச் சாரலாகவும் மண்தூசியாகவும் போவதைக் குறைப்பதே நம் வேலை. ஷவரை விட்டு வாளியில் குளியுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். கீசர் வெப்பம் 55 டிகிரிக்கு மேல் இருக்கட்டும், வாளியில் பச்சைத் தண்ணீர் கலந்து குளிக்கலாம். செடிச்சட்டி மண்ணைக் கிளறும்முன் நனையுங்கள், மாஸ்க் போடுங்கள். நெபுலைசர் கப்பை ஒவ்வொரு முறையும் சோப்பால் கழுவி, உற்பத்தியாளர் அனுமதித்தால் ஐந்து நிமிடம் கொதிநீரில் போட்டு உலர்த்துங்கள். குழாய்த் தண்ணீரில் அலசி ஈரத்தோடு மூடிவைத்தால் கிருமியை நேரே நெஞ்சுக்குள் அனுப்புகிறீர்கள்.

மருந்தால் குணமான மேக் நோயாளிகள் பலருக்கு மறுபடி வருவது புதிய தொற்று என்று மரபணு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே இந்தப் பழக்கங்களைச் சிகிச்சை முடிந்தபின்பும் விடாதீர்கள்.

டாக்டர் ‘இப்போது மருந்து வேண்டாம், கவனிப்போம்’ என்கிறார். சும்மா இருப்பது சரியா?
– தோவாளை வாசகர்

குழி இல்லை, ஸ்மியர் நெகட்டிவ், தொந்தரவு குறைவு என்றால் சரிதான். ஆனால் கவனிப்பது என்றால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு சளிக் கல்ச்சர், ஆறு மாதம் அல்லது ஓராண்டில் ஒரு ஸ்கேன், வாரம் ஒருமுறை எடை. தினமும் இருவேளை சளியை வெளியேற்றும் பயிற்சி செய்ய வேண்டும். மூன்று நான்கு நிதானமான மூச்சு, பிறகு மூன்று ஆழ்ந்த மூச்சு, கண்ணாடியில் ஆவி படிய ஊதுவதுபோல் வாய் திறந்து இரண்டு முறை ‘ஹா’ என்று தள்ளி, கடைசியில் ஒரு இருமல். இதையே பத்துப் பதினைந்து நிமிடம் திரும்பச் செய்யுங்கள். பிசியோதெரபிஸ்டிடம் ஒருமுறை நேரில் கற்றுக்கொள்வது நல்லது. மெலிந்த உடம்பில் இந்த நோய் வேகமாக முன்னேறும். தினமும் முட்டையோ மீனோ பயறோ இரண்டு வேளை சேரட்டும். எடை மூன்று கிலோ குறைந்தாலோ, சளியில் ரத்தம் வந்தாலோ, இரவில் வேர்த்து நனைந்தாலோ அடுத்த தேதி வரை காத்திருக்காமல் போய்க் காட்டுங்கள்.